மாத்திரை போட்டியா

ஏப்ரல் 10, புதன்

ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அதைத்தான் சொன்னேன், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணை உற்றுப் பார்த்தாள். "அமலி, மாத்திரை போட்டியா?"

உப்புக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? அண்ணனும் அதே ரசத்தை ஊற்றிக்கொண்டு முகத்தைச் சுளித்தான். அவனை யாரும் மாத்திரை கேட்கவில்லை. இந்த வீட்டில் அண்ணன் டிவியைப் பார்த்துக் கத்தலாம், அண்ணி பாத்திரத்தை நங்கென்று போடலாம், அவர்கள் மகள் டெல்பின் கதவை அறைந்து சாத்தலாம். அதெல்லாம் கோபம். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் மட்டும் அது வியாதி.

வியாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. இருபத்து நாலு வயதில் வந்தது. ஏறினால் தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம், ஊருக்கே ராணி நான்தான். இறங்கினால் பாயை விட்டு எழ மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. பின்கட்டு அறையில் என் தையல் மெஷின், பாலக்கரைப் பெண்களின் ஜாக்கெட்டுகள், என் உழைப்பில் என் சோறு. அண்ணி சவுதியில் நர்ஸாக இருந்த வருஷங்களில் டெல்பினுக்குத் தலை பின்னி, ஜெபம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டு கிடந்தது யார்? நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் போக மிச்ச நாளெல்லாம் நான்தான். இப்போது அவளுக்குக் கல்யாணம். மே இருபதாம் தேதி. மாப்பிள்ளை புதுக்கோட்டை.

இன்று ஒரு முடிவு எடுத்தேன். என்றைக்கு எவர் வாயிலிருந்தாவது அந்தக் கேள்வி வருகிறதோ, அன்றைக்கு மாத்திரை இல்லை. கேட்காத நாளில் நானாகப் போட்டுக்கொள்வேன். அவர்களுக்கும் ஒரு பாடம் வேண்டும்.

சாயங்காலம் உறையூர் போனேன். ஜெராக்ஸ் கடை மாடியில் புதன்தோறும் கூடுகிறோம். எல்லாரும் என்னைப் போல மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர்கள்தான். டாக்டர் கிடையாது, பிரசங்கம் கிடையாது, டீ உண்டு. நடத்துகிற சித்திக் பாய் சீட் கவர் தைப்பவர்; அவரும் ஒரு காலத்தில் காதில் குரல்கள் கேட்டு ரயில் ஏறிப் போனவர். அங்கே ஒரே ஒரு கண்டிப்பு: யாரும் யாரையும் மாத்திரை போட்டியா என்று கேட்கக் கூடாது. அந்த ஒரு சட்டத்துக்காகவே தை மாதத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

இன்று எனக்குச் சாவி கொடுக்கும் முறை. வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அதுபோல. நோய் திரும்பும்போது நம்மிடம் முதலில் தெரிகிற அறிகுறி என்ன என்பதை, நன்றாக இருக்கிற காலத்திலேயே குழுவில் ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். அதைப் பார்த்தால் அவர் வந்து சொல்லலாம். அவர் மட்டும்தான் சொல்லலாம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வாய்த்தது மணிமாறன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர். பிஸ்கட்டை டீயில் முக்கி உறிஞ்சுவார். எதைப் பேசினாலும் தன் பழைய ஸ்கூட்டரில் கொண்டுபோய் நிறுத்துவார். இந்த ஆளிடமா என் சாவி?

அவர் ஒளிக்காமல் தன்னுடையதைச் சொன்னார். "வண்டியைப் பத்திப் பேசறத நான் நிறுத்திட்டேன்னா, உள்ள இறங்க ஆரம்பிச்சிட்டேன்னு அர்த்தங்க." நான் என்னுடையதைச் சொன்னேன், மீன் குழம்பு வெறுத்துப்போகும் என்று. சுத்தப் பொய். கருவாட்டு வாசனைக்கே நான் கூடுதலாகச் சோறு போட்டுக்கொள்கிறவள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

எழுதித்தான் தீர வேண்டும்.

அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அவன் போன் அடித்தது, எடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா. என்னை யாரோ வேலைக்கு நிற்பவள் என்று நினைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஜார்க்கண்டிலிருந்து சிஸ்டர் வருவார்களா என்று கேட்டார். எந்த சிஸ்டர் என்றேன். "அடைக்கலராஜ் சாரோட தங்கச்சிம்மா. மடத்துல சேந்துட்டாங்களே, அங்க மலைசாதி ஜனங்களுக்கு ஸ்கூல் நடத்துறாங்களே."

அண்ணனுக்கு ஒரே தங்கைதான். அது நான்தான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அம்மா, அந்த சிஸ்டர் இங்கேதான் இருக்கிறாள், பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. மடத்தில் அனுமதி கிடைக்காது என்று நினைக்கிறேன் என்றேன். தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி சிஸ்டரிடம் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

என்னைப் பைத்தியம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உயிரோடு இருக்கிறவளுக்குத் துறவறம் கொடுத்து நாடு கடத்தியிருக்கிறான். மாதா கோயில் பங்குப் பேரவையில் உறுப்பினர் வேறு.

ஏப்ரல் 15, திங்கள்

கேட்டேன். அண்ணன் மறைக்கவில்லை. பெண் வீட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றால் பரம்பரை வியாதி என்று நினைப்பார்களாம். கல்யாணம் முடிகிற வரை நான் மணப்பாறை சித்தி வீட்டில் இருக்க வேண்டுமாம். டெல்பினுக்காக இதைச் செய்யக் கூடாதா என்றான்.

டெல்பின் வாசற்படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் போனைத்தான் பார்த்தாள். கரண்ட் போகப் போகிறதென்று சார்ஜ் போட மாடிக்குப் போய்விட்டாள்.

நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். அண்ணி ஓடி வந்து, "மாத்திரை போட்டியா?" அண்ணன் பின்னாலேயே, "மாத்திரை போட்டியான்னு கேளு." போட்டேன் என்றேன். இரண்டு பேர் கேட்டாகிவிட்டது. போடுவேனா?

ஏப்ரல் 17, புதன்

குழுவில் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசவில்லை. பிறகு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கும் கோமளா, "எங்க மாமியார் வீட்ல என்னைத் துபாய்ல இருக்கேன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. நான் மாடியில இருந்தேன்" என்றாள். சித்திக் பாய் மேஜையைத் தட்டினார், டீ சிந்தியது. எல்லாருக்கும் கோபம் வந்தது. எனக்காகக் கோபப்பட்டவர்களைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கிளம்பும்போது கோமளாவுக்கு என் குடையைக் கொடுத்துவிட்டேன். வெயிலில் வருகிறாள், பாவம்.

மணிமாறன் மாடிப்படியில் நிறுத்தி, நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டார். வஞ்சிரம் என்றேன். நிம்மதியாக ஸ்கூட்டரை உதைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, சனி

இத்தனை நாள் எவ்வளவு சோம்பேறியாக இருந்திருக்கிறேன்! விடியுமுன்பே எழுந்து அறையைக் கழுவி, ஜன்னல் கம்பிகளைத் துடைத்து, காத்திருந்த ஜாக்கெட்டுகளையெல்லாம் முடித்துவிட்டேன். என் பச்சைப் பட்டுப் புடவையை மணிமாறன் மனைவிக்கு எடுத்து வைத்தேன். வாட்சைப் பால்காரர் மகளுக்குக் கொடுத்தேன், பரீட்சைக்கு உதவும். குப்பை எடுக்க வரும் அக்காவுக்கு ஸ்டீல் குடம். கை கொடுக்கக் கொடுக்க உடம்பு லேசாகிறது. கோபம்தான் என்னை எழுப்பியிருக்கிறது. கோபம் நல்ல மருந்து.

அண்ணி கேட்டாள். போட்டேன் என்றேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

டெல்பினின் கல்யாண ஜாக்கெட்டைத் தில்லைநகரில் ஏதோ பெரிய பொட்டிக் தையல்கடையில் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். கோயிலில் முதல் நன்மை வாங்க வெள்ளை கவுன் நான் தைத்தேன், பள்ளிக்கூட யூனிபாரம் நான் தைத்தேன், கல்லூரி விழாப் பாவாடை நான் தைத்தேன். கல்யாண ஜாக்கெட்டுக்கு என் கை ஆகாது. இந்தக் கையில் என்ன தொத்து வியாதியா இருக்கிறது?

சரி. கன்னியாஸ்திரீக்குச் சொத்து ஆகாது, ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். எதிர்வீட்டு இன்பா தையல் கிளாஸ் போகிறாள். அவளைக் கூப்பிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். அவள் அம்மா தயங்கினாள், நான்தான் வற்புறுத்தினேன். மெஷின் இருந்த இடம் விசாலமாக இருக்கிறது. அங்கே நடக்கலாம், பாடலாம். என்ன வெளிச்சம்!

ஏப்ரல் 24, புதன்

குழுவில் இன்று நான்தான் பேசினேன். வாட்சையும் மெஷினையும் கொடுத்தது வரை பேச வேண்டியது அவ்வளவு இருந்தது. கோமளா இடையில் ஏதோ சொல்ல வந்தாள், அவள் முடிக்குமுன் எனக்குப் பதில் வந்துவிட்டது. நல்லவேளையாக இன்று ஸ்கூட்டர் புராணம் இல்லை. மணிமாறன் டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பட்டுப் புடவையை அவர் கையில் திணித்தேன். என்ன மீன் என்று மட்டும் கேட்டார். நெத்திலி என்றேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசையில் டெல்பினுக்கு முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று அடுத்தடுத்து மூன்று ஞாயிறு பங்குச் சாமியார் கோயிலில் வாசிப்பார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடிப்பார். காலங்காலமாக வாசிக்கிறார்கள், ஒருத்தரும் எழுந்ததில்லை. நான் எழுவேன். வெள்ளைப் புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டு, பீடத்துக்கு நேரே நடந்து போய் மைக்கைப் பிடிப்பேன். ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கிறேன் என்பேன். பாலக்கரை முழுக்கக் கேட்கும். அண்ணன் பேரவைப் பதவி, அண்ணியின் பவுசு, எல்லாம் போகட்டும்.

வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டேன். தூக்கம் எதற்கு? தூங்கினால் ஞாயிறு வராது.

ஏப்ரல் 27, சனி

மத்தியானம் மணிமாறன் வந்தார். வேர்த்து விறுவிறுத்து, பஸ்ஸில் வந்திருக்கிறார். வாசலில் கோமளா நின்றிருந்தாள். என் பச்சைப் பட்டுப் புடவையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"நீங்க குடுத்த சாவி சேரலைங்க. மீன் சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கீங்க. ஆனா புடவை, குடை, வாட்ச், இப்ப மெஷினு. அதனால பூட்டை உடைச்சுக்கிட்டு வந்திருக்கேன்."

வெளியே போகச் சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன், எழுதக் கூசுகிறது. மன்னித்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்றாரே தவிர நகரவில்லை. அவரும் அண்ணனும் ஒன்று என்றேன், என் கோபத்தை வியாதி என்கிறார்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"உங்க கோபம் நியாயம். அது வியாதியே இல்ல. ஆனா வியாதியும் வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணா வந்திருக்குங்க. நாளைக்கு இந்த நிலைமையில நீங்க எழுந்து நின்னா, நீங்க சொல்றதை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, உங்களைத்தான் பாப்பாங்க. உங்க அண்ணன் ஜெயிச்சிடுவாரு. தூங்குங்க. தூங்கி எழுந்து சண்டை போடுங்க, நாங்களும் கூட வர்றோம்."

அண்ணன் ஜெயித்துவிடுவான் என்ற அந்த ஒரு வார்த்தைதான் உள்ளே இறங்கியது. வேறு எதற்கும் நான் அசைந்திருக்க மாட்டேன்.

கோமளா டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். போட்டேன் என்று வீட்டில் சொன்னதில் போட்டது ஒரு நாள்கூட இல்லை. அவர்கள் கேட்காத நாளே வரவில்லையே.

ஏப்ரல் 30, செவ்வாய்

தூங்கினேன். முதல் ஓலை என் தூக்கத்தில் போய்விட்டது.

மே 2, வியாழன்

தூங்கினேன். வாய் கசக்கிறது. மெஷின் இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் பிறந்த வெயிலில் சித்திக் பாயும் கோமளாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இதற்கும் குழுவில் ஒரு வழக்கம் உண்டாம். ஏறியிருந்தபோது கொடுத்ததைக் கொடுத்தவர் போய்க் கேட்கக் கூடாது, மற்ற இருவர் போய் வாங்கி வர வேண்டும். சித்திக் பாய் பத்து வருஷம் முன்பு தன் கடையையே யாருக்கோ கொடுத்தவர். எதிர்வீட்டில் அவர் என்ன பேசினாரோ, இன்பாவின் அம்மா மெஷினுக்குப் பின்னால் நடந்து வந்து, துடைத்து எண்ணெய் விட்டிருக்கிறேன் அக்கா என்றாள். நான் உள்ளே போய் அழுதேன். இன்பாவை இனிமேல் என் மெஷினிலேயே வந்து பழகச் சொல்லியிருக்கிறேன். இதை யோசித்துத்தான் சொன்னேன்.

வாட்சும் குடமும் போனது போகட்டும்.

மே 5, ஞாயிறு

இரண்டாம் ஓலைக்குப் போனேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். ஒன்றைச் சோதித்துப் பார்க்கத்தான் போனேன். மாத்திரை உள்ளே போயிருக்கிறது, தூக்கம் வந்துவிட்டது, பாட்டு நின்றுவிட்டது. கோபம்? தேடிப் பார்த்தேன். இருக்கிறது. அதே இடத்தில், அதே சூட்டில், அப்படியே இருக்கிறது. அப்படியானால் அது என்னுடையது.

சாமியார் வாசித்துக்கொண்டிருந்தபோதே வேறொன்று உறைத்தது. மணிமாறன் அன்றைக்கு ஏன் பஸ்ஸில் வந்தார்? அவர் ஸ்கூட்டரைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினார்? அவர் சாவி என்னிடம் அல்லவா இருக்கிறது!

மே 6, திங்கள்

கருமண்டபத்தில் அவர் வீடு. ஸ்கூட்டர் வாசலில் தூசி படிந்து நின்றது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இந்த மனுஷன் இப்படிக் கிடந்துகொண்டா என் வீட்டுப் பூட்டை உடைக்க இரண்டு பஸ் மாறி வந்தார்? எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தை இங்கே எழுதி மாளாது. நான் என் வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இருட்டில் இறங்கியிருக்கிறார். நல்லவேளையாக ஸ்கூட்டர் புராணம் இல்லை என்று வேறு எழுதியிருக்கிறேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. சுவரிலிருந்து திரும்பாமலே, "வந்துட்டீங்களா" என்றார். அவர் மனைவி ஆட்டோ பிடித்து வந்தார், மூவருமாக டாக்டரிடம் போனோம்.

மே 12, ஞாயிறு

மூன்றாம் ஓலை. கோமளாவும் மணிமாறனும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பூசை புதிது. எல்லாரும் முழங்காலிடும்போது நின்றார்கள், நிற்கும்போது முழங்காலிட்டார்கள். மணிமாறன் முகம் இன்னும் தெளியவில்லை, ஆனாலும் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

சாமியார் வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடம் வந்தபோது முன் வரிசையிலிருந்து அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். அண்ணியும் பார்த்தாள். நான் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கு நான் தடை இல்லை. அதைக் கோயிலில் எழுந்து சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் வந்தான். நான் எழாததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். முதுகில் தட்டிக்கொடுத்து, எவ்வளவு அமைதியாக இருக்கிறாய் என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டுட்டேண்ணே. போட்டுட்டுத்தான் சொல்றேன். நான் ஜார்க்கண்ட்ல இல்ல, பின்கட்டுல இருக்கேன். சாயங்காலத்துக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு நீயே சொல்லிடு. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். டாக்டரைக் கேட்டுக்கோ, எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல. இது கோபம்."

குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் அண்ணியைப் பார்த்தான், அண்ணி என் கண்ணைப் பார்த்தாள். இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள், அவளுக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. டெல்பின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, நீங்க பேச வேணாம். நான் பேசறேன். அத்தைதான் என்னை வளத்தாங்கன்னு நான்தான் சொல்லணும்."

ஒரு மாதம் முன்பே சொல்லியிருக்கலாம். அதையும் அவளிடம் சொன்னேன். அழுதாள். அழட்டும்.

மே 15, புதன்

நேற்று மாப்பிள்ளையின் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். கல்யாணம் நடக்கும். ஆனால் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொய்யைத்தான் பொறுக்க முடியவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பின்கட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலும் கொஞ்சம் பயம் இருந்தது, அதை நான் பார்க்காமல் இல்லை. எங்களுக்காக வேண்டிக்கொண்டீர்களா என்று கேட்டார். இல்லை, கோபத்தில் இருந்தேன் என்றேன்.

காலையில் டெல்பின் பொட்டிக் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து போட்டாள். கை இறுக்குகிறதாம், பிரித்துத் தைக்க வேண்டுமாம். அண்ணி வாசலில் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். என்ன கேட்க வந்தாள் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. என் கோபம் போய்விடவில்லை. ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் குழுவில் மணிமாறனிடம் என் உண்மையான சாவியைக் கொடுத்தேன். பொருள்களைக் கொடுக்க ஆரம்பித்தால் வா என்றேன். நல்ல புடவையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு பிறகு வருகிறேன் என்றார். பிஸ்கட்டை முக்கி உறிஞ்சினார். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ததை ஆரம்பித்தார். இருட்டும் வரை ஸ்கூட்டர், ஸ்கூட்டர், ஸ்கூட்டர். எரிச்சல் தலைக்கேறியது. நிறுத்தச் சொல்லவில்லை.